"அணை உடைஞ்சுருச்சாமே?": முல்லைப் பெரியாறு வதந்தியை வீட்டிலிருந்தே சரிபார்ப்பது எப்படி

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்துக் கைப்பேசிகளில் ஒரு குரல் பதிவு சுற்றியது. முல்லைப் பெரியாறு அணையில் விரிசல் விழுந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்று பதற்றமான குரலில் ஒருவர் பேசியிருந்தார். அரசு மறுத்தது, போலீஸ் ஆளைப் பிடித்தது. ஆனால் மாநிலமே தண்ணீரில் நின்ற அந்த நேரத்தில் மறுப்பு நடந்து வந்தது, பதிவு பறந்து போனது. மலையைத் தாண்டிக் கம்பம், கூடலூர் வரைக்கும் வந்தது.

இந்த அணையைச் சுற்றிப் பல வருடங்களாக ஒரு கட்டுமானச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதை விட்டுவிட்டுப் புதிது கட்ட வேண்டும் என்கிறது கேரளம். பழையதே போதும், பலப்படுத்தும் மிச்ச வேலையை முடிக்க விடுங்கள் என்கிறது தமிழகம். சண்டை இருக்கும்வரை புரளியும் இருக்கும். இந்த ஃபார்வர்டுகளைத் தொடர்ந்து படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். முழுப் பொய்யாக வருவது அபூர்வம். ஒரு உண்மைச் செய்தியிலிருந்து தேதியோ, அளவோ, இடமோ கழன்று விழுந்திருக்கும். கழன்றதைத் திரும்ப மாட்டினால் விஷயம் தெளிந்துவிடும். அதை எப்படி மாட்டுவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு, உப்புத்தறை, ஐயப்பன்கோவில் என்று ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி அப்புறம்தான். சைரன் ஒலித்தாலோ, பஞ்சாயத்திலிருந்தோ வருவாய்த் துறையிலிருந்தோ ஆள் வந்து கிளம்பச் சொன்னாலோ கிளம்பிவிடுங்கள். மேட்டுக்குப் போய் நின்றுகொண்டு சரிபார்க்கலாம். பொய் எச்சரிக்கைக்கு ஒருமுறை ஓடினால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் நீர்மட்டம் 142 அடியை ஒட்டியபோது நள்ளிரவு தாண்டி மதகுகள் திறக்கப்பட்டு, கீழே ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் போனது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரளம் புகார் சொன்னது. அந்த ராத்திரி யாராவது "இதெல்லாம் வழக்கமான புரளி" என்று திரும்பிப் படுத்திருந்தால் நனைந்திருப்பார்கள். எல்லாவற்றையும் வதந்தி என்று தள்ளுவதும் ஒருவகைச் சோம்பேறித்தனம்தான்.

சைரன் விஷயத்தில் ஒன்று. கேரளம் "கவசம்" என்ற பெயரில் மாநிலம் முழுக்கச் சைரன் வலையமைப்பு வைத்திருக்கிறது. அதைச் சோதிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கைப்பேசியில் திடீரென்று அலறும் அரசு எச்சரிக்கையிலும் சோதனை உண்டு. அது சோதனை என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். சத்தத்தில் பயந்து அணைத்துவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள்.

ஒரு துண்டுச் சீட்டு தயார் செய்யுங்கள்

கீழே உள்ள எண்களை ஒரு சீட்டில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மாறாதவற்றைப் பேனாவில், மாறக்கூடியவற்றைப் பென்சிலில்.

பேனாவில்: அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். கட்டியது 1887 முதல் 1895 வரை, பென்னிகுவிக் தலைமையில், கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கியும் கொண்டு. 1886 ஒப்பந்தம் 999 வருடக் குத்தகை. நீளம் 1,200 அடி. வடிவமைத்த முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. உபரி நீர் மதகுகள் 13. தமிழகத்துக்குத் தண்ணீர் வருவது தேக்கடிச் சுரங்கம் வழியாக. சுமார் 104 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை நம்மால் எடுக்க முடியாது.

பென்சிலில்: தேக்க அனுமதிக்கப்பட்ட மட்டம் 142 அடி. அந்த மட்டத்தில் நாம் எடுக்கக்கூடிய இருப்பு ஏறத்தாழ 7.67 டிஎம்சி.

கணக்குக்கு: 1 கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். 1 டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி.

எந்தப் பக்கத்துப் பயம் என்று பாருங்கள்

பெரியாறு இயற்கையாக மேற்கே ஓடும் ஆறு. அணைக்கு ஏதாவது ஆனால் தண்ணீர் போவது கேரளத்துக்குள். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் பிறக்கும் வதந்தி "உடையப் போகிறது" என்ற வகை. இந்தப் பக்கம் நமக்குக் கவலை வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லில் தொடங்கி மதுரைக் குடிநீர், ராமநாதபுரம் கண்மாய் வரை இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் இங்கே பிறப்பது "பிடுங்கப் போகிறார்கள், ரகசியமாகக் கட்டுகிறார்கள்" என்ற வகை.

அந்தப் பக்கத்து வதந்தியை நாம் சிரித்துக்கொண்டே சரிபார்த்துவிடுவோம். இந்தப் பக்கத்து வதந்திக்குத்தான் நம் கை தானாக ஃபார்வர்ட் பட்டனுக்குப் போகும். இங்கே அரை நிமிடம் நில்லுங்கள்.

எந்த அடி?

"நீர்மட்டம் 2,400 அடியைத் தாண்டியது! முல்லைப் பெரியாறு அபாயம்!" இப்படி ஒரு செய்தி வந்தால் எழுதியவர் அணையையே மாற்றிவிட்டார் என்று பொருள். 2,400 சொச்சம் என்பது இடுக்கி அணையின் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து அளப்பது, முழு மட்டம் 2,403 அடி. முல்லைப் பெரியாற்றை அணையின் அடியிலிருந்து அளக்கிறோம். அதனால் எண் நூற்றுச் சொச்சத்தில்தான் வரும். வைகை அணைக்கு முழு மட்டமே 71 அடி.

வைகையிலும் இதே குழப்பம் உண்டு. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. "மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை" என்று செய்தி வந்தால், அது ஆண்டிப்பட்டி பக்கத்து வைகையா, மலைமேல் பெரியாறா என்று பாருங்கள். தலைப்பில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் உள்ளே அடிக்கணக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"எச்சரிக்கை விடப்பட்டது" என்றால் என்ன?

முல்லைப் பெரியாற்றில் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டதும் தமிழக நீர்வளத்துறை கேரளத்துக்குத் தகவல் கொடுக்கும். 138-இல் மறுபடி. 140 அடியிலிருந்து வெள்ள எச்சரிக்கை படிப்படியாக ஏறி 142-இல் முடியும். பருவமழை நன்றாகப் பெய்த வருடங்களில் இது நடக்கத்தான் செய்யும். அணையின் உறுதிக்கும் இந்த எச்சரிக்கைக்கும் சம்பந்தமில்லை. "தண்ணீர் வெளியே வரலாம், ஆற்றில் இறங்காதீர்கள்" என்பதுதான் அதன் பொருள். இதை "அணைக்கு அபாயம்" என்று தலைப்புப் போட்டால் அர்த்தமே மாறிப்போகிறது.

இன்னொன்று, 142 வருவதற்கு முன்னமே மதகைத் திறந்தால் "ஏதோ பிரச்சினை, மறைக்கிறார்கள்" என்று பேச்சு கிளம்பும். ரூல் கர்வ் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மட்டம் வரை தேக்கலாம் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். மழை வரவிருக்கும் வாரங்களில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருப்பதற்காக. 2021 அக்டோபர் 29-ஆம் தேதி மதகுகள் திறக்கப்பட்டது அந்தக் கணக்கில்தான். 142 வராமல் ஏன் திறந்தார்கள் என்று தமிழகத்தில் அப்போது பெரிய அரசியல் சண்டையே நடந்தது. அட்டவணையே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விவாதம். ஆனால் திறந்ததற்குக் காரணம் விரிசல் அல்ல.

லிட்டரா, கனஅடியா?

பயமுறுத்த நினைப்பவர்களுக்கு லிட்டர் பிடிக்கும். எண் பெரிதாகத் தெரியும் அல்லவா? ஒரு மாதிரிச் செய்தியை எடுத்துப் பார்ப்போம்: "13 மதகுகளும் திறப்பு, வினாடிக்கு 1 லட்சம் லிட்டர் தண்ணீர், தேனி மாவட்டம் மூழ்கும் ஆபத்து."

1 லட்சத்தை 28.3-ஆல் வகுங்கள். சுமார் 3,530 கனஅடி. மழைக்காலத்தில் ஒரு அணையிலிருந்து இவ்வளவு வெளியேறுவது ஊரை முழுக்காட்டும் அளவு இல்லை. அடுத்து, மதகு வழியாகப் போகும் தண்ணீர் கேரளத்துக்குப் போகிறது. தேனிக்கு வருவது சுரங்கம் வழியாக மட்டும். சுரங்கத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு, அதற்கு மேல் யார் நினைத்தாலும் வராது. தேனி மாவட்டத்தில் வெள்ளம் வருவதே இல்லையா என்றால், வரும். அது பெரும்பாலும் மலையிலிருந்து நேராக இறங்கும் ஓடைகளின் வெள்ளம்.

நீரைப் பற்றிய இன்னொரு வாதம், இது நம் பக்கத்தினர் விரும்பிச் சொல்வது: "உடைந்தால்தான் என்ன, கீழே இடுக்கி அணை எழுபது டிஎம்சி கொள்ளும், அப்படியே வாங்கிக்கொள்ளும்." இடுக்கி பெரிய அணைதான். ஆனால் இடுக்கி ஏற்கெனவே நிறைந்திருக்கும் நாளில் அந்தக் கணக்கு செல்லாது. அதோடு, இரண்டு அணைக்கும் நடுவில் வண்டிப்பெரியாறு முதல் ஐயப்பன்கோவில் வரை ஊர்கள் இருக்கின்றன, அங்கே தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாதி உண்மையைப் பரப்ப வேண்டாம்.

விரிசல், கசிவு, நில அதிர்வு

கல் கட்டு அணையில் கசிவு இருக்கத்தான் செய்யும். அணைக்குள் ஆள் நடந்து போகக்கூடிய சுரங்கப் பாதை போன்ற கேலரி இருக்கிறது. கசியும் நீரை அங்கே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கிறார்கள். கண்காணிப்புக் குழு ஆய்வுக்கு வரும்போதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் அந்த அளவு வரும். "அணையில் கசிவு!" என்று மட்டும் ஒரு செய்தி சொன்னால், எவ்வளவு என்று கேளுங்கள். நீர்மட்டம் கூடினால் கசிவு கூடும், குறைந்தால் குறையும். மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு மட்டும் தாவினால்தான் பொறியாளர்கள் முகம் மாறும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்காரர்களிடம் பேசவே முடியாது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அதன்பின் கேரளத்தில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் பெருகியது. அந்த வருடமே மத்திய நீர் ஆணையம் தலையிட்டு, பலப்படுத்தும் வேலை முடியும்வரை மட்டத்தை 136 அடிக்கு இறக்கியது. அதன்பின் அணையின் தலையில் கான்கிரீட் போட்டார்கள், எஃகுக் கம்பிகளை அணைக்குள் இறக்கி அடிப்பாறையோடு இழுத்துக் கட்டினார்கள், பின்புறம் கான்கிரீட்டால் முட்டுக் கொடுத்தார்கள். 1895-இல் இருந்த அணையின் படத்தைப் போட்டு "நூற்று முப்பது வருடச் சுண்ணாம்பு" என்று எழுதுபவர்கள் இந்த மூன்றையும் விட்டுவிடுவார்கள்.

2011-இல் இடுக்கிப் பகுதியில் சிறு சிறு நில அதிர்வுகள் வந்தன. நவம்பர், டிசம்பரில் பயம் தெருவுக்கு வந்தது. குமுளி எல்லை மூடியது. தினமும் ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போய்வந்த பெண்களுக்கு வேலை நின்றது. தோட்டத்திலேயே தங்கியிருந்த குடும்பங்கள் பல காட்டுப்பாதை வழியாக இறங்கி வந்தன. உண்மையாகவே தாக்குதல்கள் நடந்தன, இரண்டு பக்கமும் கடைகளும் வண்டிகளும் உடைந்தன. அதன்மேல் ஏறிக்கொண்டு நடக்காதவையும் வந்தன. ஒரு டீக்கடையில் சொன்னது அடுத்த டீக்கடைக்குப் போகும்போது எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கும். அப்போது வாட்ஸ்அப் ஊருக்குள் பரவலாக வரவில்லை, எஸ்எம்எஸ்ஸும் வாய்வார்த்தையுமே போதுமாக இருந்தன. அணை உடையவில்லை. உடைந்தது வேறு. கம்பத்தில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் யாரையாவது கேளுங்கள், அந்த வருடத்தைத் தேதியோடு சொல்வார்கள்.

அதே நேரத்தில் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று வகையிலும் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-இல் அறிக்கை கொடுத்தது. கேரளம் அதை ஏற்கவில்லை. அறிக்கை வந்து வருடங்கள் ஆகிவிட்டன, மறு ஆய்வு வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். "ஆய்வு வேண்டும்" என்பது ஒரு கோரிக்கை, "நாளை உடையும்" என்பது வதந்தி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 2021 அக்டோபரில் அணையைச் செயலிழக்கச் செய்யக் கோரிச் சமூக ஊடகப் பிரசாரம் பெரிதாகக் கிளம்பியபோது, தேவையில்லாத பீதியைக் கிளப்பாதீர்கள் என்று சட்டமன்றத்தில் சொன்னவர் கேரள முதல்வர் பினராயி விஜயனே.

படத்தை எப்படிப் பார்ப்பது

பெரிய வளைவான சுவர், அதன் நடுவில் மதகு திறந்து தண்ணீர் கொட்டினால் அது இடுக்கி இல்லை. இடுக்கி வளைவு அணையில் மதகே கிடையாது. மதகுகள் பக்கத்துச் செறுதோணி அணையில் இருக்கின்றன, மொத்தம் ஐந்து. முல்லைப் பெரியாறு நேரான கல் அணை, வளையாது. அதன் 13 மதகுகளும் பிரதான அணையின் தலைமேல் இல்லை, பக்கத்தில் தனியாக இருக்கின்றன. அணையின் நெற்றியிலிருந்து பிரம்மாண்டமாகத் தண்ணீர் பாய்வதுபோல் படம் வந்தால், வேறு மாநிலமோ வேறு நாடோ. படத்தைத் தேடுபொறியில் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பழைய தேதி கிடைத்துவிடும்.

காகிதத்தில் நடக்கும் கட்டுமானம்

இனி நம் பக்கத்து வதந்திகள். இவற்றைச் சரிபார்க்கத் தண்ணீர்க் கணக்கு உதவாது, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

"புதிய அணைக்கு மத்திய அரசு அனுமதி!" 2018-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கேரளத்துக்குக் கொடுத்தது, சுற்றுச்சூழல் பாதிப்பை ஆய்வு செய்வதற்கான வரையறை. "இன்னின்ன விஷயங்களை ஆய்வு செய்துகொண்டு வா" என்ற தாள், அவ்வளவுதான். அது வந்ததும் இங்கே கட்டுமானமே தொடங்கிவிட்டதுபோல் பேசினார்கள். அதற்குப் பின்னால் ஆய்வறிக்கை, மக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழு, பெரியாறு புலிகள் காப்பகம் என்பதால் வன உயிரின அனுமதி என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. அதற்கும் மேலே 2014 மே 7 தீர்ப்பு நிற்கிறது. ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடியை உறுதிசெய்து, மட்டத்தை 136-இல் கட்டிப்போட்ட கேரளச் சட்டத் திருத்தத்தைச் செல்லாது என்றது. தமிழகத்தின் சம்மதம் இல்லாமல் புதிய அணையை அதன்மேல் திணிக்க முடியாது. 2024-இலும் இதே கதைதான். மே 28 அன்று நிபுணர் குழுவின் கூட்டத்தில் பேச இருந்தார்கள், தமிழகம் எதிர்த்தது, கூட்டம் நடக்கவில்லை. ஆகவே "அனுமதி" என்ற சொல் வந்தால் கேளுங்கள்: எதற்கு அனுமதி? ஆய்வு செய்யவா, கட்டவா?

பேபி அணை என்பது பிரதான அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய துணை அணை. அங்குள்ள மரங்களின் கதை எனக்கு மிகவும் பிடித்த பாடம். பலப்படுத்தும் வேலைக்கு இடைஞ்சலாக அங்கே மரங்கள் நிற்கின்றன. 2021 நவம்பரில் கேரள வனத்துறை 15 மரங்களை வெட்ட அனுமதி கொடுத்தது. முதல்வர் ஸ்டாலின் நன்றி தெரிவித்துக் கடிதமே எழுதினார். கேரள அரசோ எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று உத்தரவை நிறுத்தி, சில நாளில் ரத்தும் செய்தது. அதிகாரி இடைநீக்கம் ஆனார். அந்த வாரத்தின் முதல் நாள் செய்தி பொய்யா? இல்லை, சுத்தமான உண்மை. ஆனால் அதே தாளின் படம் பிறகு எப்போது சுற்றினாலும் அது காலாவதியான உண்மை. அரசாணைப் படம் வந்தால் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், அதன்பின் என்ன ஆனது என்றும் தேடுங்கள்.

தேக்கடிக்குப் பக்கத்தில் ஆனவச்சாலில் கேரள வனத்துறை கட்டிய வாகன நிறுத்தமும் இப்படித்தான், "அணைப் பகுதியில் ரகசியக் கட்டுமானம்" என்று உருமாறி வந்தது. ரகசியம் எதுவும் இல்லை. அந்த இடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்பதுதான் வழக்கு, உச்ச நீதிமன்றமே நிலத்தை அளக்கச் சொன்னது.

யாரிடம் கேட்பது, என்ன பதில் போடுவது

தினமும் காலை 6 மணி நிலவரத்தை நீர்வளத்துறை வெளியிடுகிறது: நீர்மட்டம், நீர்வரத்து, நீர்திறப்பு, இருப்பு. உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்துவிடும். வந்த செய்தியை அதோடு பக்கத்தில் வையுங்கள். அவசரமென்றால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. கேரளத்திலும் இதே எண்கள்தான். மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் சொந்தக்காரர் இருந்தால் அவருக்கே ஒரு போன் போடுங்கள். அதைவிடச் சிறந்த சரிபார்ப்பு கிடையாது.

பொய் என்று தெரிந்தபின் குடும்பக் குழுவில் "வதந்தி பரப்பாதீர்கள் சித்தப்பா" என்று போட்டால் சித்தப்பா கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விடுவார், அனுபவத்தில் சொல்கிறேன். கழன்ற துண்டை மட்டும் போடுங்கள்: "சித்தப்பா, இது 2018 படம். இன்னைக்குக் காலை மட்டம் இவ்வளவு. குமுளியில மாமாகிட்டப் பேசிட்டேன், ஒண்ணுமில்லைன்னாரு." மூன்று வரி போதும். அந்தப் பொய்ச் செய்தியின் படத்தைத் திரும்பப் போடாதீர்கள், அதுவும் ஒரு ஃபார்வர்டுதான்.

சட்டமும் இருக்கிறது. பீதி உண்டாக்கும் பொய் எச்சரிக்கைக்குப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. ஊரில் அச்சத்தையும் பகையையும் கிளப்பும் பொய்ச் செய்திக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவு. இதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியாக அந்தச் சீட்டு. வருடம் ஒருமுறை, ஜூன் ஒன்றாம் தேதி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் சமயத்தில், பென்சில் எண்களைச் சரிபாருங்கள். இந்த அணையின் அனுமதி மட்டம் 152-இலிருந்து இறங்கி 136 ஆனது. 35 வருடம் கழித்து 2014 நவம்பரில்தான் தண்ணீர் 142-ஐத் தொட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. ரப்பரையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.